ஒரு வராந்தா, இரண்டு பெட்டிஷன் ரைட்டர், நாலு ‘பெக்’

ஊராரின் கஷ்டத்தை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து அதில் தன் வயிற்றைக் கழுவிக்கொள்கிறவனுக்குப் பெட்டிஷன் ரைட்டர் என்று பெயர். ராயபுரத்தில், கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியின் ஆபீஸ் வராந்தாவில் அந்தத் தொழிலைப் பார்த்துவருகிறேன். கம்பெனியின் பெயரைக் கேட்காதீர்கள், எனக்கு வம்பு.

நீங்கள் எந்தத் தொழில் செய்கிறவராக இருந்தாலும் உங்களுக்கும் எதிரில் ஒருத்தன் கடை போட்டிருப்பான். அவனிடம் நாலு பேர் கூடுதலாக நின்றால் உங்களுக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆகையால் உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. என்னுடையவன் பெயர் மாசிலாமணி. எங்களுக்குள் சண்டை வந்தது நிலத்துக்காகவும் அல்ல, பெண்ணுக்காகவும் அல்ல. ‘பெக்’ என்கிற ஓர் இங்கிலீஷ் வினைச்சொல்லுக்காக. சீசாவில் இருப்பதை அளந்து ஊற்றுகிற பெக் அல்ல, கெஞ்சிக் கேட்பது, பிச்சை கேட்பது என்று அர்த்தமாகிற பெக்.

நாலு பெக் இல்லாமல் மனு இல்லை

பழைய மனுக்கட்டு ஒன்றைப் பார்த்துப் பார்த்து எழுதித்தான் நான் இந்தத் தொழிலுக்குத் தேவையான இங்கிலீஷைக் கற்றுக்கொண்டேன். அதில் எந்தத் தாளைப் புரட்டினாலும் நாலு பெக் இருக்கும். ‘ஐ ஹம்ப்லி பெக் டு ஸ்டேட்’ என்று ஆரம்பம். துரையவர்கள் சமூகத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவர ஒரு பெக். தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பெக். கடைசியில், தங்கள் கீழ்ப்படிந்த ஊழியனாக இருக்கும்படி ஒரு பெக். துரைமார்களே ஒருத்தருக்கொருத்தர் கடிதம் எழுதும்போது இந்த வார்த்தையைப் போடுவார்கள். அவர்களுக்கு அது கும்பிடு மாதிரி ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

எங்கள் ஆபீஸில் இரண்டு வழக்கம் உண்டு. மனுவில் கேட்கிறவன் கையெழுத்து மேலே, எழுதினவன் கையெழுத்து கீழே. இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் குமாஸ்தா வாங்க மாட்டார். இரண்டாவது, கட்டைவிரலில் மை தடவுவதற்கு முன்னால் எழுதினதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். நான் வாசிப்பேன். பெக் வரும் இடத்தில் மட்டும் ‘தெரிவித்துக்கொள்கிறேன்’ என்பேன். காலையிலிருந்து மூட்டை தூக்கிவிட்டு வந்து நிற்கிறவனிடம் ‘நீ பிச்சை கேட்கிறாய்’ என்று எப்படிச் சொல்வது? சரக்குத் தூக்கும் வின்ச்சை ஓட்டுகிற குப்பன் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொல்வான்: "நைனா, நம்ம கஸ்டம் இங்கிலீசுல எம்மாஞ் சோக்கா கீது!"

டைப்ரைட்டர் சத்தம்

யுத்தம் முடிகிற சமயத்தில் மாசிலாமணி வந்தான். ரங்கூனில் ஓர் அரிசி மில் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தவன். குண்டு விழுந்ததும் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவன். மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய டைப்ரைட்டரை வாங்கிக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வராந்தாவின் அந்தக் கோடியில் பாய் போட்டான். "உட்காரட்டுமாண்ணே?" என்று கேட்டபோது பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். இன்று நினைத்தாலும் அந்தத் தலையைத்தான் குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

என்னிடம் வருகிறவர்கள் நிற்பார்கள். அவன் வந்தவரைப் பாயில் உட்காரவைத்தான். நான் வாசிப்பேன், அவர்கள் கேட்பார்கள். அவன் ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, "இது ‘நான்’. இது ‘கேக்கறேன்’. இது உங்க பேரு" என்று காட்டினான். அவன் மனுவில் பெக்கே கிடையாது. ‘ஆஸ்க்’ என்று எழுதுவான். கேட்கிறேன் என்று அர்த்தம். அவ்வளவு மொட்டையாக ஒரு மனுவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, உடனே குப்பையில் போய் விழும் என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு வாரத்தில் என் குப்பனே அந்தக் கோடியில் நின்றான். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னான்: "கோச்சுக்காத நைனா, ரெண்டே லைனு எழுதிக்கினு வந்துடறேன். அந்தச் சத்தம் கேக்க ஆசையா கீது."

அஞ்சலையின் வலை

காத்திவாக்கத்து அஞ்சலை மீன் விற்கிறவள், புருஷன் கடலுக்குப் போகிறவன். அவர்களுடைய வலையைக் கம்பெனியின் சரக்குப் படகு ஒன்று அறுத்துக்கொண்டு போய்விட்டது. புது வலை கேட்டு நான்தான் மனு எழுதினேன். பதில் வரவில்லை. மூன்று மாதம் பொறுத்துவிட்டு, என் மனுவின் நகலை இடுப்பில் செருகிக்கொண்டு மாசிலாமணியிடம் போய், இதையே மெஷினில் அடித்துக் கொடு என்றாள். அவன் தன் வழக்கப்படி கையில் இருந்ததை முதலில் வார்த்தைக்கு வார்த்தை தமிழில் வாசித்துக் காட்டினான். என் மனுவை!

தலைக்கூடையை இறக்காமலே என் முன்னால் வந்து நின்றாள். "நாலு தபா பிச்சை கேட்டு எழுதிக்கீறியாமே?" என்றாள். அது மரியாதை வார்த்தை, துரைமார்களே எழுதுவது, அதை அப்படி அர்த்தம் பண்ணக் கூடாது என்று என்னென்னவோ சொன்னேன். "அப்போ அன்னிக்கு வாசிச்சியே, அப்ப ஏன் அந்த வார்த்தை வரல?" என்றாள்.

வராந்தாவில் பத்துப் பேராவது இருந்தார்கள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்தக் கோடியில் தலையைக் குனிந்துகொண்டு டைப்ரைட்டர் ரிப்பனைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருந்தான் பாருங்கள், அவன்மேல்தான் வந்தது. அவன் சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன். எனக்காக வெட்கப்பட்டான், அதைத்தான் தாங்க முடியவில்லை. அஞ்சலை என் நகலை என் மேஜைமேல் போட்டாள். "எங்க வலைய அறுத்துக்கினு போனது அவுங்கோ. பிச்சை கேக்கறது நானா?"

வாசகசாலையில் ஒரு மத்தியானம்

வார்த்தைக்கு ஒரு நல்ல பூர்வீகம் இருந்தால் என் மானம் பிழைக்கும் என்று தோன்றியது. மறுநாள் வேலையைப் போட்டுவிட்டு வாசகசாலைக்குப் போனேன். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அகராதி அது. ‘பெக்’ எங்கிருந்து வந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றது. பழைய இங்கிலீஷ் வேரிலிருந்து வந்திருக்கலாம், அல்லது ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய்க் கையேந்தி வாழ்ந்த ஒரு சாமியார்க் கூட்டத்தின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்றது. ‘நிச்சயமில்லை’ என்பதை அங்கேயே விட்டுவிட்டுச் சாமியாரை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

வராந்தாவில் நடுவாக நின்றுகொண்டு எல்லாருக்கும் சொன்னேன். இது சாமியார்கள் வாயில் பிறந்த சொல், புண்ணியமான சொல், இதைக் கேவலமாக நினைக்கிறவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அந்தக் கோடியைப் பார்த்தேன். "நல்லாத் தேடியிருக்கீங்கண்ணே, எனக்கு இது தெரியாது" என்றான் மாசிலாமணி. நிஜமாகவே சந்தோஷப்பட்டான், பாவி. அந்த நேரத்தில் குப்பன் மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டு மனு எழுத வந்திருந்தான். உட்கார், சாமியார் வார்த்தை போட்டே எழுதித் தருகிறேன் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு மாசிலாமணி பக்கம் நடந்தான். "சாமியாருக்குப் புள்ள குட்டி இல்ல நைனா, அவுரு கேப்பாரு. நான் பொண்ணுக்குக் கண்ணாலம் வச்சிகினு கீறேன், லீவு குடுன்னுதான் கேக்கணும்."

குழாய் மனு

நான் குடியிருந்தது காலடிப்பேட்டையில். எங்கள் தெருக் குழாய் இரண்டு மாதமாக வறண்டு கிடந்தது. இதைப் பற்றி அதிகாரிகளுக்கு ஒரு நல்ல மனு எழுத வேண்டும் என்று நான் தினமும் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வீட்டுக்குப் போனால் என் மனைவி தனத்தின் கட்டைவிரலில் மை. தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து மனுக் கொடுத்துவிட்டார்களாம். யார் எழுதினது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஒரு பெட்டிஷன் ரைட்டரின் பெண்டாட்டி இன்னொரு பெட்டிஷன் ரைட்டரிடம் போய் மனு எழுதிக்கொண்ட கதையை வேறு எங்காவது கேட்டிருக்கிறீர்களா? அன்று நான் சாப்பிடவில்லை. அடுத்த மாதம் குழாயில் தண்ணீர் வந்தது. தெருவே குடத்தோடு நின்றபோது நான் மட்டும் நாலு நாள் பின்கட்டுக் கிணற்றிலேயே இறைத்துக் குளித்தேன். தனம் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க எழுதினா தண்ணிக்குக்கூட நாலு தரம் விழுந்து கும்பிடணும்னு தெருவுல சொல்லிக்கிறாங்க. எனக்கு மட்டும் ஆசையா என்ன, அவர்கிட்ட போவணும்னு?"

குப்பனின் ரகசியம்

சுதந்திரம் வந்த பிறகு வெள்ளைக்கார மேனேஜர் கப்பல் ஏறினார். அந்த நாற்காலியில் நம்மவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளைக்காரர் மனுவில் பெக் இருக்கிறதா என்று பார்த்ததே கிடையாது. இவர் எண்ணிப் பார்த்தார். குப்பனுக்காக மாசிலாமணி அன்று அடித்துக் கொடுத்து, மேனேஜர் மாறும்வரை ஆபீஸில் கிடந்த லீவு மனு, ‘மரியாதை இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதிக் குப்பன் கைக்கே திரும்பி வந்தது. அன்றே பியூன் விஷயத்தை என் காதில் போட்டுவிட்டார்.

மாசிலாமணி சாப்பிடப் போன நேரம் பார்த்துக் குப்பன் என்னிடம் வந்தான். "கண்ணாலம் கிட்ட வந்துட்ச்சி. பிச்சையோ கிச்சையோ, போட்டு எழுது நைனா" என்றான். ஆறு பெக் போட்டேன். மறுநாளே லீவு கிடைத்தது. என் உடம்பில் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. குப்பன் வெற்றிலைபாக்கோடு வராந்தாவுக்கு வந்தான், நேராக அந்தக் கோடிக்குப் போனான். "உங்க கைராசிங்க" என்று தட்டை நீட்டினான். மாசிலாமணி சந்தோஷமாக வாங்கிக்கொண்டான், தன் மனுவுக்குத்தான் லீவு கிடைத்தது என்று. என் ஆறு பெக்கும் அவன் கணக்கில் போய்ச் சேர்ந்தன. குப்பனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், இது என்ன நியாயம் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சும்மா கெட நைனா. நல்ல மனுசன், தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடும்."

எனக்கு மனசு என்று ஒன்று இருப்பது யாருக்கும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

ஒருவனுக்கொருவன்

பிறகு அந்த நோட்டீஸ் வந்தது. வராந்தாவில் நெரிசல் அதிகமாகிவிட்டது, இனி ஒரே ஒரு ரைட்டருக்குத்தான் இடம், வேண்டியவர்கள் மனுச் செய்துகொள்ளலாம் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். வராந்தாவை விட்டால் எங்களுக்கு லாரி போகிற தார் ரோடுதான். அதற்கு அப்புறம் கொதிக்கிற நடைபாதை. எனக்கு அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாலே தலை சுற்றும். இடம் போனால் தொழில் போயிற்று என்றுதான் எனக்குப் பட்டது.

மனுக் கொடுக்கலாம் என்றால் ஆபீஸ் வழக்கம் குறுக்கே நின்றது. எழுதினவன் கையெழுத்து வேறாக இருக்க வேண்டும். எங்களைத் தவிர இங்கிலீஷில் எழுதுகிற ரைட்டர் அக்கம்பக்கத்தில் இல்லை, டோல்கேட்டில் இருந்த ரைட்டர் தமிழில் மட்டும் எழுதுகிறவர். ஆகவே அவன் மனுவை நான் எழுத வேண்டும், என் மனுவை அவன் எழுத வேண்டும். என் வாழ்நாளில் இப்படி ஒரு தண்டனையை நான் கேள்விப்பட்டதில்லை. முதலில் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘இந்த இடத்தை எனக்குத் தரும்படி கேட்கிறேன்’ என்றான். ஒரு பெக்கும் இல்லை. பேனாவை நிறுத்தினேன். ‘தம்பி, இந்த மேனேஜருக்கு பெக் இல்லாமல் நடக்காது, குப்பன் மனு திரும்பி வந்தது உனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் திறக்கவில்லை. பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது என்று, எனக்கு வரக்கூடிய மிக அழகான எழுத்தில் அவன் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

பிறகு அவன் எனக்கு அடித்தான். நான் சொல்லாமலே ஒரு வரி சேர்த்தான். இங்கே வேலை செய்கிறவர்களின் குடும்பங்களை இவர் அறிந்த அளவு வேறு யாரும் அறிந்ததில்லை என்று. எனக்கு எரிந்தது. அவனைப் பற்றி அப்படி ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவேயில்லை. "நாலு பெக் போடு" என்றேன். "உங்களுக்கு எதுக்குண்ணே அது? இதுவே போதுமே" என்றான். "போடு" என்றேன். போட்டான். பிறகு விரலை வரிக்குக் கீழே வைத்து, வழக்கப்படி, உரக்க வாசிக்க ஆரம்பித்தான்.

அஞ்சலை இருந்தாள், குப்பன் இருந்தான், பியூன் இருந்தார். "தாழ்மையோடு பிச்சை கேக்கறேன்" என்று ஒரு தடவை. குரலை உயர்த்தவும் இல்லை, தணிக்கவும் இல்லை. இரண்டாவது தடவை வந்தபோது நிறுத்து, அடித்துவிடு என்று சொல்ல வாய் வந்தது. ரோட்டையும் வெயிலையும் நினைத்துக்கொண்டேன். எத்தனையோ பேருக்கு எழுதின வார்த்தையை என் பேரோடு சேர்த்துத் தமிழில் அன்றுதான் முதல் முதலாகக் கேட்டேன். காது சுட்டது. நாலாவதையும் முடித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பிவைத்தான். "சரியா வாசிச்சேனாண்ணே? அப்படின்னா கையெழுத்துப் போடுங்க."

நிழல்

இடம் எனக்குக் கிடைத்தது. மேனேஜர் கூப்பிட்டுத் தட்டிக்கொடுக்காத குறைதான். "உன் மனுவில் பண்பு இருக்கிறது. அந்த இன்னொருத்தன் ஏதோ எனக்குச் சமமானவன் மாதிரி கேட்கிறான்" என்றார். இந்த ஆபீஸில் பெக் இல்லாமல் நடக்காது என்று நான் நினைத்தது சரியாகப் போயிற்று. வெளியே வந்தால் மாசிலாமணி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன். பொய் சொல்கிறேன் என்று அவனுக்குப் பட்டதோ என்னவோ, "போகட்டும்ணே, உங்களுக்கும் வெயில் ஒத்துக்காது" என்று டைப்ரைட்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினான்.

மறுநாள் காலையில் எதிர் நடைபாதையில் ஒரு பழைய தாழங்குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்து மணிக்குள் குடையைச் சுற்றிக் கூட்டம். வராந்தாவில் நானும் என் மைக்கூடும், வருகிறவர்கள் உட்கார நான் புதிதாக விரித்த பாயும். அஞ்சலை ரோட்டைத் தாண்டப் போவதைப் பார்த்துக் கூப்பிட்டேன். மாசிலாமணி அடித்துக் கொடுத்த அவள் மனு அதற்குள் மூன்று தடவை காரணம் எதுவும் எழுதாமல் திரும்பி வந்திருந்தது, வலை வரவில்லை. "இப்படி நிழலுக்கு வா, பாயில் உட்கார். நாலு பெக் போட்டால் இந்த மேனேஜர் உனக்கு வலை கொடுத்துவிடுவார். நிஜமாகச் சொல்கிறேன்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன், அதுவரை யாரிடமும் சொல்லாததை. அவள் கூடையைச் சரியாக வைத்துக்கொண்டாள். கோபம் ஒன்றும் இல்லை, எனக்குப் புரியட்டும் என்று நிதானமாகச் சொன்னாள்: "வலை வர்றப்போ வரட்டும் நைனா. அவுரு எழுதறத வூட்டுக்குப் போயி எம் புருசங்கிட்ட அப்டியே சொல்ல முடியுது."

இத்தனை வருஷமாக ஊருக்காகக் கெஞ்சி எழுதியவன் தனக்காகக் கெஞ்சி வாங்கினது நாலு முழம் நிழல். அதில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, எதிர் நடைபாதையில் வெயிலில் வேகிறவனைப் பார்த்து இன்றைக்கும் வயிறு எரிந்துகொண்டிருக்கிறேன்.